இடையில் ஆள் எதற்கு?

சென்ற ஏப்ரல் மாதம், என் வீட்டிலிருந்து புனிதர்களை வெளியேற்றுவது என்று உறுதி பூண்டேன்.

மொத்தம் நால்வர். அந்தோணியார், செபஸ்தியார், சவேரியார், நடுவில் ஆரோக்கிய மாதா. இலுப்பூரில் நாங்கள் வீடு கட்டிய நாள் முதலாகக் கூடத்து மாடத்தில் குடியிருப்பவர்கள். அவர்களோடு எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. நானும் கத்தோலிக்கனாகப் பிறந்தவன்தான். ஆனால் பணி ஓய்வுக்குப் பின், பழைய சக ஆசிரியர் ஒருவர் குளத்தூர்ப் பக்கம் ஒரு ஜெபக்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். வெள்ளைச் சுவர். படம் இல்லை, சிலை இல்லை. பிழையே இல்லாத கட்டுரை நோட்டைக் கண்டதுபோல் மனம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியோடுதான் பிப்ரவரியில் என் மகன் செம்மலின் புது வீட்டு மந்திரிப்புக்குத் திருச்சி சென்றேன். பங்குத்தந்தை மாதா சிலையை ஜெபித்து மந்திரித்து வைத்தார். பந்தியில் அறுபது பேர் அமர்ந்திருந்தனர். அது வெறும் மண்பொம்மை என்பதை அவர்களுக்கு விளக்கினேன். இருபது நிமிடம். செம்மல் ஒன்றும் சொல்லவில்லை. மார்ச்சிலும் சொல்லவில்லை. ஏப்ரலிலும் சொல்லவில்லை.

மகன் வீட்டில் தொடங்கியதை என் வீட்டில் முடிக்க எண்ணினேன். என் மனைவி காய்ந்த மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அமலோற்பவம்! மாடத்திலிருக்கும் சிலைகளை எடுத்துவிடு."

"சுரூபம்னு சொல்லுங்க."

"எப்பெயரால் சொன்னாலும் மண் மண்தான். பத்துக் கட்டளை என்ன சொல்கிறது? உருவங்களை வணங்காதே என்கிறது."

"நான் எங்க மண்ணக் கும்புட்டேன்? அது ஒரு ஞாபகத்துக்கு. ஒங்க பணி ஓய்வு விழா போட்டோவ மாட்டி வச்சிருக்கீங்கள்ல? தெனமும் வேட்டி முனையால தொடச்சுட்டு ரெண்டு நிமிஷம் நின்னு பாக்குறீங்க. அதுக்கு என்ன பேரு?"

"அது... தூசி தட்டுவது."

"இத ஒட்டடை அடிக்கிறதா வச்சுக்கங்க."

முதல் வினாவுக்கு மாணவன் சரியான விடை சொல்லிவிட்டால், ஆசிரியர் உடனே இரண்டாம் வினாவுக்குப் போய்விட வேண்டும். போனேன்.

"சிலை இருக்கட்டும். அந்தோணியாரிடம் எதற்கு வேண்டுகிறாய்? கடவுளுக்குக் காது கேளாதா?"

"கேக்கும். இருந்தாலும் அந்தோணியாரு ஒரு வார்த்த சொன்னா..."

"சிபாரிசு! பரலோகத்திலுமா சிபாரிசு? வேண்டியதை நேரடியாகக் கேட்க வேண்டும். இடையில் ஆள் எதற்கு?"

மிளகாய் கிள்ளிய கை நின்றது.

"எடையில ஆளே கூடாதுங்கறீங்க."

"கூடவே கூடாது."

"எதுக்குமே?"

"எதற்குமே."

"சரிங்க."

முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவள் வாதத்தின் இடையிலேயே 'சரிங்க' என்றது அதுவே முதல் முறை. அப்போதே நான் அஞ்சியிருக்க வேண்டும். நானோ மகிழ்ந்தேன்.

மறுநாள் காப்பியில் பாலுக்குப் பதில் பாலின் நினைவு மட்டும் இருந்தது.

"அமலோற்பவம், பால்காரம்மாவிடம் சொல்லக் கூடாதா?"

"அழகி வாசல்லதான் நிக்கிறா. நேராச் சொல்லுங்க."

சென்றேன். "பால் சற்று நீர்த்திருக்கிறது அம்மா."

"வெயிலு சார். மாடு தண்ணி நெறையக் குடிக்கிது."

தலையசைத்துவிட்டுத் திரும்பினேன். அறிவியல் என் பாடம் அன்று.

இவ்வாறு காய்காரரிடமும் சலவைக்காரரிடமும் நேரடியாகக் கேட்டு, நேரடியாக ஏமாந்துகொண்டிருக்கையில் மே மாதம் பிறந்தது. ஆண்டுதோறும் மே முழுவதும் செம்மலின் மகள் இலக்கியா எங்களோடு இருப்பாள். இரண்டாம் வகுப்பு முடித்தவள். நான் பேசும்போது எழுந்து போகாமல் கேட்கும் ஒரே உயிர். இவ்வாண்டு அவள் வருவதாகத் தகவலே இல்லை. அவளுக்காக வாங்கிய பலாப்பழம் வீடெங்கும் மணந்தது. பின்பு வேறு விதமாகவும் மணந்தது.

"பிள்ளையை எப்போது அனுப்புகிறான் என்று செம்மலிடம் கேள்," என்றேன்.

அவள் தன் கைபேசியை நீட்டினாள். "நேராக் கேளுங்க."

வாசகர் ஒன்றை அறிய வேண்டும். செம்மலுக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு எக்காலத்தும் இருந்ததில்லை. அவன் சேர விரும்பிய கல்லூரியை எனக்குச் சொன்னவள் அவன் அம்மா. என் சம்மதத்தை அவனுக்குச் சொன்னவளும் அவளே. இன்று மருமகளாக உள்ள பொற்கொடியை அவன் விரும்பியது, நான் சினந்தது, சினம் தணிந்தது, அனைத்தும் அமலோற்பவத்தின் வாய்வழியாகவே நடந்தேறின.

அழைத்தேன்.

"சொல்லும்மா."

"அப்பா பேசுகிறேன்."

மறுமுனையில் நாற்காலி சாயும் ஓசை. "அம்மாவுக்கு என்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

"அம்மா நலம். பூண்டு உரிக்கிறாள்."

"பின்ன ஏன் நீங்க பேசுறீங்க?"

நியாயமான வினா. இணைப்பைத் துண்டித்தேன்.

அடுத்த வீட்டு ஆரோக்கியதாஸை நாடினேன். எங்கள் கோயிலில் ஞானப்பாடம் சொல்லும் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர். அமலோற்பவத்தைத் தங்கச்சி என்பவர்.

"நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் செம்மலிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"நான் தங்கச்சிட்ட சொல்லணும். தங்கச்சி தம்பிட்ட சொல்லணும். அப்படித்தான சார்?"

"ஆம்."

"ஒங்க ஜெபக்கூடத்துல இதுக்கு என்னங்க பேரு?"

நான் மாமரத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி எங்கள் வீட்டுக்குள் சென்றார். ஐந்து நிமிடத்தில் கையில் முறுக்கோடு திரும்பினார்.

"மாட்டேங்குது சார். பாவம் பண்ணவருதான் வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம். அதுக்கு ஆள் அனுப்ப முடியாதாம்."

"நான் என்ன பாவம் செய்தேன்?"

"எல போட்டு ஒக்காந்த சனத்துக்கு முன்னாடி இருவது நிமிஷம் பேசுனீங்களாமே!" என்றவர் முறுக்கைக் கடித்தார். "சோறு ஆறிப்போச்சுன்னு எங்க வீட்டுலயும் சொன்னாங்க."

அன்று மாலை உரை ஒன்று தயாரித்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. செம்மலை மீண்டும் அழைத்தேன். முன்னுரையில் இரண்டு வரி படித்தேன். எழுதியதை மடித்து வைத்தேன்.

"அன்று பந்தியில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது செம்மல். உன் வீடு. நீ அழைத்த விருந்தினர். தவறு என்னுடையது."

மறுமுனையில் கதவு சாத்தும் ஓசை.

"அப்பா... இது அம்மா சொல்லிக் குடுத்ததா?"

"இல்லை. நானேதான்."

அவன் மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷமாக இருக்கலாம். எனக்கும் சற்று இருந்தது.

"சரிப்பா. விடுங்க."

"இலக்கியா வருவாளா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. பொற்கொடிதான் இன்னும் கோவமா இருக்கா. நான் சொன்னாக் கேக்க மாட்டா." குரலைத் தாழ்த்தினான். "அம்மாவ அவகிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லுங்களேன்."

அடுக்களை வாயிலில் போய் நின்றேன். பணிவாகவே நின்றேன்.

"அமலோற்பவம், பொற்கொடியிடம் நீ ஒரு வார்த்தை..."

"அவகிட்ட போன வாரமே பேசியாச்சு. 'மாமா ஒங்க மகன்கிட்ட வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டும் அத்தை, பாப்பாவ நானே கூட்டியாறேன்'னா. சனிக்கெழம காலையில வர்றாங்க."

"இது செம்மலுக்குத் தெரியுமா?"

"அவன் எதுக்குங்க எடையில?"

வெள்ளி மாலை ஆரோக்கியதாஸ் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "சார், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கணுமாம். பாப்பா வந்து எறங்கயில எந்தப் பிரசங்கமும் கூடாதாம். தங்கச்சி சொல்லச் சொல்லுச்சு."

தங்கச்சி அப்போது எனக்கு மூன்றடி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.