ஜெர்மன் ஊசி, கை வலிக்காது

தமிழில் 'ஊசி' என்ற சொல்லை வைத்த ஆள் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். துணி தைப்பதற்கும் ஊசி. ஆஸ்பத்திரியில் குத்துவதற்கும் ஊசி. நான் கம்பளி நூலில் பின்னுகிறேனே, அதற்கும் ஊசி. பருப்பு கெட்டாலும் ஊசிப்போச்சு. (வேறு சொல்லா கிடைக்கவில்லை?) இந்த ஒரு சொல்லால் எங்கள் பிளாக் முழுவதும் என் மானம் கப்பலேறியது.

கொரோனா வந்து இரண்டாவது வருஷம். தடுப்பூசி அப்போதுதான் வந்திருந்தது. முதலில் வயதானவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் என் கணவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். அதற்குப் பெயர் மீட்டிங். நான் சமையலறை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பின்னுவேன். சோறு வேகும்போது இரண்டு வரி, குழம்பு கொதிக்கும்போது இரண்டு வரி. வீட்டுக்கு எத்தனை விருந்தாளி வரலாம் என்பதற்குக்கூடச் சட்டம் இருந்ததால் கதவைத் தட்ட ஆளில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவ்வளவு நிம்மதியான காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"இந்த வெயில்ல யாருக்கு ஸ்வெட்டர், மல்லிகா?" என்பார் கணவர்.

"உங்க ஆபீஸ் ஏர்கான்ல நடுங்கிக்கிட்டு இருப்பீங்கல்ல, அப்ப கேளுங்க."

என்னோடு பின்னுகிறவர்கள் இன்னும் மூன்று பேர். 'பின்னல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஜெர்மனியிலிருந்து நல்ல பின்னல் ஊசி வரவழைத்தேன், அவர்களுக்கும் சேர்த்து. பொட்டலம் வந்த சந்தோஷத்தில், கையில் மாவோடு, கண்ணாடி போடாமல், குரலில் ஒரு செய்தி போட்டேன்:

"ஜெர்மன் ஊசி வந்துருச்சு! சைனா ஊசி இல்ல. கை வலிக்கவே வலிக்காது. ஒண்ணு பத்தாது, ரெண்டு சேந்ததுதான் செட்டு. கொஞ்சம்தான் இருக்கு, வேணுங்கிறவங்க நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க."

அது போய்ச் சேர்ந்த இடம் 'பின்னல்' இல்லை. அதற்குக் கீழே இருந்த 'புக்கிட் பாத்தோக் தமிழர்கள்'.

இதில் இன்னொரு வினையும் உண்டு. நான் முன்பு ஒரு கிளினிக்கில் பதிவுக் கவுண்டரில் வேலை பார்த்தவள். எங்கள் பிளாக்கைப் பொறுத்தவரை கிளினிக்கில் தரை துடைத்தாலும் நர்ஸ்தான்.

அன்று மாலை போன் அடங்கவில்லை. மூன்றாவது மாடி ராதா கேட்டாள்: "அக்கா, எனக்கு பிரஷர் இருக்கு. போடலாமா?"

"பிரஷருக்கு ரொம்ப நல்லதுடி. ரெண்டே வாரத்துல குறையும்."

"சாப்பிட்டுட்டு வரணுமா?"

"சாப்பிடு, சாப்பிடாம இரு, எனக்கென்ன?"

எனக்கு ஒரே ஆச்சரியம். பின்னுவதற்கு ஏன் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாள்? தோழிகளில் ஒருத்தி செய்தியை ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள், வீட்டில் அடைந்து கிடந்ததில் எல்லோருக்கும் கைவேலையில் ஆசை வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் என் நாத்தனாரும் கூப்பிட்டாள். "அண்ணி, எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. வெளியில மூச்சு விட மாட்டேன்." பின்னல் ஊசியில் என்ன ரகசியம்? யோசித்தேன். புரியவில்லை. நிறையப் பேர் வந்தால் ஒரு வகுப்பே ஆரம்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். (புத்தி அவ்வளவுதான்.)

மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஐந்தாவது மாடி சுப்பையா அண்ணன். குளித்து, விபூதி பூசி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, தூக்குமேடைக்கு வந்தவர் மாதிரி நின்றார். பின்னால் அவர் மனைவி பார்வதி அக்கா. அவர்களுக்கும் பின்னால் காரிடாரில் ராதாவோடு ஒரு வரிசை.

சுப்பையா அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பெட்டி தூக்கியவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். மார்சிலிங்கில் இருக்கும் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "தடுப்பூசி போட்டுட்டு வாங்கப்பா. அதுவரைக்கும் வீடியோதான்" என்று மகள் சொல்லிவிட்டாள். மனுஷன் பேத்தியைத் தூக்கவும் முடியாமல், சமூக மன்றத்துக்குப் போய் ஊசி போடவும் துணியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இது பிளாக்குக்கே தெரியும்.

"உன் கையாலன்னா போட்டுக்கிறேன், மல்லிகா," என்றார். "நமக்குத் தெரிஞ்ச பொண்ணு."

நான் நெகிழ்ந்துபோனேன். ஊசி போட்டுவிட்டு வா என்றுதான் மகள் சொன்னாள், இவர் ஊசி பிடித்துப் பேத்திக்குக் குல்லாவே பின்னப் போகிறாரோ! உள்ளே போய் இருப்பதிலேயே தடியான ஜோடியை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் தடிமன், முழங்கை நீளம்.

அவர் முகத்திலிருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. "இதையா?"

"உங்க கைக்கு இதுதாண்ணே சரி. முதல்ல பெருசுல ஆரம்பிக்கணும். பழகினப்புறம் சின்னது."

"ரெண்டுமா?"

"ரெண்டும் ஒரே நேரத்துல."

"ஐயோ சாமி!" என்று பார்வதி அக்கா கணவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் யாரோ லிப்டை நோக்கி ஓடினார்கள். ராதா மட்டும் நின்று ஊசியை உற்றுப் பார்த்தாள். "அக்கா, இதுல மருந்து எப்படி ஏறும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மருந்தா? இது பின்னுற ஊசிடி!" என்று கத்தினேன். உள்ளே கணவர் மீட்டிங்கை விட்டுவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாசலில் சிரித்தவர்களை எல்லாம் திட்டினேன். எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வரும். பாதிப் பேர் திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள்.

சுப்பையா அண்ணன் நிதானமாகச் சட்டைக் கையை இறக்கினார். "அப்ப ஊசி கிடையாது. நல்லதாப் போச்சு. வா பார்வதி."

பார்வதி அக்கா நகரவில்லை. "ஒரு மாசமாக் கெஞ்சி இன்னிக்குத்தான் கையை மடிச்சாரு, மல்லிகா. இனிமே மடிக்க மாட்டாரு," என்று சொல்லி என் வாசலிலேயே அழுதார்.

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. "அண்ணே, நில்லுங்க! இவ்ளோ பெரிய கம்பியப் பாத்தும் ஓடாம நின்னீங்களா இல்லையா? அங்க போடுறது முடி மாதிரி இருக்கும். அதுக்கா பயம்? பேத்திகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவர் என்னையும் பார்த்தார், என் கையிலிருந்த கம்பியையும் பார்த்தார். "நீதான இழுத்துவிட்ட. நீயே கூட வா. பக்கத்துல நில்லு."

"நிக்கிறேன். எனக்கென்ன பயம்?"

சமூக மன்றத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். அந்த ஊசி எத்தனை மெல்லிசு, எங்கள் பின்னல் ஊசி அளவில் என்ன நம்பர் வரும் என்று பார்க்க ஆசை வந்தது. குனிந்து, மலாய்க்கார நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஊசி தோலுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது.

கண் விழித்தபோது நான் தரையில் கிடந்தேன். கால் இரண்டும் ஒரு நாற்காலி மேல். சுப்பையா அண்ணன் கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து, தடுப்பூசி விளக்கத் தாளால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். எந்த டோஸ் போட்டதில் இவளுக்கு இப்படி ஆனது என்று நர்ஸ் கேட்க, அவர் மலாயில் விளக்கினார். அந்தப் பெண் முகக்கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் குரல் குழுவில் வந்துவிட்டது: "போட்டாச்சு லா! ஊசி எனக்கு, மயக்கம் மல்லிகாவுக்கு."

இரண்டாவது ஊசிக்கு அவர் தனியாகவே போனார். ("நீ வந்தா உன்னை வேற தூக்கணும்.") பிறகு மார்சிலிங் போய்ப் பேத்தியை மடியில் வைத்து எடுத்த படத்தை எனக்குத்தான் முதலில் அனுப்பினார். அதற்கு மட்டும் நான் திட்டவில்லை.

அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தாத்தா அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து இந்தக் கதையைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல ஊசி வளர்கிறது. போன தீபாவளிக்கு, "இவ்ளோ நீளம்!" என்று இரண்டு கையையும் விரித்ததில் முறுக்குத் தட்டு கீழே விழுந்து நொறுங்கியது. எனக்கு வந்த கோபத்தில் மூச்சு வாங்கியது.

உடனே அவர் பேத்தியை இழுத்துப் பின்னால் நிறுத்தினார். "தள்ளி நில்லும்மா. ஊசின்னு சொன்னாலே போதும், ஆன்ட்டி விழுந்துடுவாங்க."