சிலுப்பியின் வயசு

என் சின்னுவுக்கு,

அனகாபுத்தூரிலிருந்து ஞானம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். நீ ஆண்டவர் மடியில் சுகமாய்த்தான் இருப்பாய், பீடி மட்டும் கிடைக்காது. உனக்கு முப்பதாம் நாள் பூசை வைத்து ஒரு வாரம் ஆகிறது.

நிற்க, மூன்று வருஷம் முன்பு நீ சந்தையில் வாங்கிவந்தாயே சிலுப்பி ஆடு, அது சுவரில் உரசி உரசி ஒரு பக்கம் மயிரே இல்லாமல் நிற்கிறது. பக்கத்து வீட்டு ரத்தினம் பேப்பரோடு ஓடி வந்தான். "யக்கா, லண்டன்ல மாட்டுக்குப் பைத்தியமாம்! ஆட்டுக்கும் அதே மாறி ஒண்ணு கீதாம். இப்டியே ஒரசிகினு கெடந்து செத்துப்பூடுமாம். மூளை ஓட்டையாயிடுமாம்!" "உன் மூளைய மொதல்ல பாருடா" என்றேன். ஆனாலும் தெருவே பயந்துபோய், வெட்டிப் புதை என்றது. நீ வளர்த்ததில் மிச்சம் அது ஒன்றுதான், விடுவேனா? பம்மல் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சத்தியநாதன் டாக்டர் பொறுமைசாலி. அந்த நோய்க்குக் காரணம் பிரியான் என்கிற ஏதோ கெட்டுப்போன புரதம் என்றார். எனக்குப் பிரியாணி என்று காதில் விழுந்தது. "இது பிரியாணி துன்னதே இல்ல சார், கஞ்சிதான்" என்றேன். கம்பவுண்டர் சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே போட்டுவிட்டான். டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "பொறந்த குட்டிக்குத்தாம்மா அது சுலபமா ஒட்டும். அதை உள்ள விடற எடம் குட்டியோட குடல்ல நிறைய இருக்கும். வளர வளரக் குறைஞ்சிடும். பெரிய ஆட்டுக்கு அதே பட்டாலும் ஒட்டறது கம்மி. ஒட்டினாலும் வருஷக்கணக்குல வெளிய தெரியாது. பல்லை வெச்சுத்தான் ஆட்டுக்கு வயசு சொல்லணும். இதை வாங்கும்போது எத்தனை பல்லு?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான் தெரியும்."

"அவரைக் கூட்டிட்டு வாம்மா."

"கூட்டினு வர முடியாத எடத்துல கீறாரு சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வழி முழுக்க எனக்கு அதே யோசனை. நீ ஒன்பது வயசில் தோல் ஷெட்டில் பீடி பிடித்தாய், நெஞ்சு அடைக்கிற நாள்வரை விடவில்லை. நான் முப்பதில் வெற்றிலை போடப் பழகி ஒரே மாதத்தில் விட்டேன். மனுஷனுக்கும் ஆட்டுக்கும் ஒரே சட்டமா, சின்னு?

அங்கே உன் அம்மாவுக்கும் சிறகு வைத்த சம்மனசுகளுக்கும் என் தோத்திரம்.

உன் ஞானம்மாள்

பி.கு.: டாக்டர் தந்த பவுடரைப் போட்டதும் உரசல் நின்றுவிட்டது. வெறும் பேன்தானாம். பிரியானும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சினை, ரெண்டரை மாசம் என்கிறார். யோவ், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யார் வீட்டுக் கிடாவிடம் ஓட்டிக்கொண்டு போனாய்?