ஈகை பற்றிப் பேசியதால் என் கிணறு பட்ட பாடு

பாப்பாரப்பட்டி,
10.5.83

மரியாதைக்குரிய மச்சான் காசிம் அவர்களுக்கு, கவுஸ் பாஷா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் தங்கை ஷகிலா, கல்யாணப் பெண் அமீனா, நான் எல்லோரும் நலம். கிணறுதான் நலமாக இல்லை. சேலத்தில் உங்கள் இரும்புக் கடையும் பிள்ளைகளும் நலம்தானே?

விஷயம் இதுதான். போன வாரம் நூலக வாசகர் வட்டத்தில் ‘பழைய நாவல்களில் ஈகையும் சமூகப் பொறுப்பும்’ என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நூலகத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவன் என்ற மரியாதைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கியிருக்கலாம், மைக்கைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நான் எடுத்துக்கொண்ட நாவலில் பஞ்ச காலத்தில் இரண்டு பணக்காரர்கள். ஒருவன் களஞ்சியத்தைத் திறக்கவே இல்லை. இன்னொருவன் வீட்டுக்கு ஒரு படி அளந்து போட்டுக் கும்பிடு வாங்கிக்கொண்டான். முதல் ஆளாவது வெளிப்படையான கல்நெஞ்சன், அளந்து கொடுத்து நல்ல பெயர் வாங்கியவன்தான் பெரிய அயோக்கியன், கொடுப்பது தயவு அல்ல, கடமை என்று முழங்கிவிட்டேன். திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியை இன்னும் அவிழ்க்கவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் குடங்கள். இந்த வறட்சியில் எங்கள் தெருவில் தண்ணீர் இருப்பது என் கிணற்றில் மட்டும்தான். இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தேன். அப்புறம் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வரும் ஞாயிறு நிக்காஹ், கிருஷ்ணகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வருகிறார்கள், பிரியாணி அண்டாவைக் கழுவக்கூடத் தண்ணீர் மிஞ்சாது போலிருக்கிறது, பெண்ணைப் பெற்றவன் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது? சரி, இனி வீட்டுக்கு ஒரு குடம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எதிர் வீட்டு ரங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “அப்ப நீங்க அந்த ரெண்டாவது ஆளுங்களா?”

வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. உள்ளே வந்துவிட்டேன். வாளி கல்லில் இடிக்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது. உங்கள் தங்கை வேறு, பேசுவதற்கு முன்னால் கிணற்றை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்கிறாள். ஆகையால் மச்சான், நான் அந்த முதல் ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கிணற்றுக்கு இரும்பு மூடி செய்யச் சொல்லியாயிற்று. கடையிலிருந்து நல்ல கனமான பூட்டாக ஒன்றைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. கல்யாணத்துக்கு எல்லோரும் முந்தின நாளே வந்துவிடவும், குளித்துவிட்டு வரவும்.

இப்படிக்கு,
கவுஸ் பாஷா

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி அமீனாவிடம் கொடுத்தேன், படித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தால் அமைதியாகச் சொல்கிறாள்: “விருந்து வேணாம், பேரீச்சம்பழமும் டீயும் போதும்னு மாப்பிள்ளை வூட்டுக்கு அப்பவே சொல்லி அனுப்பிட்டேங்க அத்தா. அவங்களும் சரின்னுட்டாங்க. நீங்க மைக்ல பேசினத நான் நெஜம்னு நெனச்சிட்டேன்.” பூட்டு வேண்டாம் மச்சான். கயிறு அனுப்புங்கள், நீளமானதாக. தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது.