பவுலினுக்குத் தெரியாத சிஸ்டம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் தெருவில், தன் வீட்டு முன்னறையில் ‘ஆல்பர்ட் கம்ப்யூட்டர்ஸ்’ நடத்திவந்த ஆல்பர்ட், ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவே ஒரு மாபெரும் முடிவை எடுத்தார். கடைக் கம்ப்யூட்டரின் சிஸ்டத்தை மாற்றுவது. அதன் வழியாக வீட்டின் சிஸ்டத்தையும் மாற்றுவது. முதலாவதைத் தெரு முழுக்கச் சொன்னார். இரண்டாவதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். போர்டில் இருப்பது ஆல்பர்ட்டின் பெயர். உப்புக்காற்றில் முதல் எழுத்து துருப்பிடித்து விழுந்து, ‘ல்பர்ட்’ என்றுதான் நிற்கிறது. ஆனாலும் அவர் பெயர்தான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று “அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்டார்கள். அக்கா என்பது அவர் மனைவி பவுலின். ஆல்பர்ட் கம்ப்யூட்டர் முன்னால் முழு உருவமாக உட்கார்ந்திருப்பார். வந்தவர் அவர் தோளுக்கு மேலே எட்டி அடுப்படியைப் பார்ப்பார். அக்கா வேலையாக இருக்கிறாள், நான் எடுத்துத் தருகிறேன் என்றால், பரவாயில்லை அண்ணே, அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார். அப்புறம் வருவார். அக்கா இருக்கும்போது வருவார்.

இத்தனைக்கும் பவுலினுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே ஆல்பர்ட்தான். அந்த நாட்களில் அவள் நொடிக்கொரு தரம் “என்னங்க, இது எப்படிங்க?” என்பாள். பிறகு ஆல்பர்ட்டுக்கு டெங்கு வந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் பவுலின் கடையைப் பார்த்துக்கொண்டாள். அவர் எழுந்து வந்தபோது அவரைவிட வேகமாக டைப் அடித்தாள். அதோடு அந்தக் கேள்வியும் நின்றுபோனது.

ஆல்பர்ட்டுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தன் மனைவி தன்னிடம் ஏதாவது ஒன்றை எப்படி என்று கேட்க வேண்டும். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால்கூடப் போதும் என்ற அளவுக்கு மனிதர் இறங்கி வந்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை, அதுதான் இன்னும் வருத்தம்.

இந்த நேரத்தில்தான் கடைக் கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு வந்தது. பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது. புதியதற்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை. ஆல்பர்ட் இதே பதிலைப் பவுலினுக்கு முன்பு பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் கேட்டிருந்ததால் அவருக்கு உடனே கோபம் வந்தது. யூடியூபைத் திறந்தார். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டால் பழைய பெட்டியே ஜோராக ஓடும் என்றது யூடியூப். கூடவே இன்னொன்றும் சொன்னது. அதில் எல்லாமே இடம் மாறியிருக்கும்; பழைய சிஸ்டத்தில் கை தேர்ந்தவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் ரொம்பத் தடுமாற்றமாக இருக்கும். ஆல்பர்ட் வீடியோவை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி கேட்டார்.

அதாவது, பவுலினுக்குத் தெரியாத ஒரு சிஸ்டம் உலகத்தில் இருந்தது.

திட்டம் சுலபமானது. முதலில் தான் மட்டும் ரகசியமாகக் கற்றுக்கொள்வது. பிறகு மாற்றுவது. பிறகு சாய்ந்து உட்காருவது. பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் நண்பர் இருதயநாதனின் வீடு. இருதயநாதனுக்கு உப்பளம். மழை பிடித்துவிட்டால் பாத்தி எல்லாம் தண்ணீர்தான், அவருக்கு வேலை கிடையாது. பழைய லேப்டாப்பில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கி ஆல்பர்ட் லினக்ஸைப் போட்டார். சிஸ்டம் வந்தது, சீட்டாட்டம் போனது.

“பவுலினுக்குத் தெரியாம நீ பண்ணது எதுனா இதுவரைக்கும் நல்லபடியா முடிஞ்சிருக்காப்பா?” என்று இருதயநாதன் கேட்டார்.

ஆல்பர்ட் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. “இது முடியும்” என்றார்.

கற்றுக்கொண்டு முடித்ததும் பவுலினிடம் விஷயத்தைச் சொன்னார். பழைய சிஸ்டத்தில் இருந்தால் வைரஸ் வந்து, திருடன் வந்து, கடைசியில் போலீஸே வரும் என்று நன்றாகப் பயமுறுத்தினார். அவள் மறுத்தால் சொல்வதற்கு இன்னும் நாலு காரணம் கைவசம் வைத்திருந்தார். பவுலின் வெங்காயம் உரித்துக்கொண்டே, “சரிங்க, மாத்திடுங்க” என்றாள். எதையும் முதல் தடவையிலேயே ஒத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்போதே ஆல்பர்ட் சுதாரித்திருக்க வேண்டும். ஜெயித்தவர்கள் எங்கே சுதாரிக்கிறார்கள்.

சனிக்கிழமை பவுலின் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரத்தில் சிஸ்டம் மாறியது. திரும்பி வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸை இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். கீழே இருந்தது மேலே போயிருந்தது. மேலே இருந்ததைக் காணவே காணோம். ஆல்பர்ட் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி காதைக் குடைந்தார்.

“என்னங்க, இது எப்படிங்க?”

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் எழுந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஃபைலைத் திறப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஆல்பர்ட் சிஸ்டம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். பவுலின் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுநடுவே “ஓ” என்றாள். அன்று இரவு ஆல்பர்ட் குழம்பு நன்றாக இருப்பதாகத் தானாகவே சொன்னார்.

மறுநாள் ஞாயிறாக இருந்தும் வேலை நாள் போலவே விடிந்தது. கோயில் பூசை முடிந்து ஆல்பர்ட் கடையைத் திறந்த கையோடு பிரம்மதேசத்திலிருந்து ராஜாங்கம் என்ற விவசாயி பேரனின் காதுகுத்துப் பத்திரிகைக்கு வந்தார். மூத்த பேரனுக்குப் போன வருடம் அடித்த பத்திரிகையே கம்ப்யூட்டரில் இருந்தது, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஆல்பர்ட் ஃபைலைத் திறந்தார். தமிழ் இருந்த இடமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. தாய்மாமன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

இன்னொரு ஃபைலைத் திறந்தார். அதுவும் அப்படியே. உப்பளச் சங்கத்து மனு, மாதா திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாமே அப்படித்தான். பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தவை எல்லாம் அந்த ஃபான்ட் இல்லாத புது வீட்டில் பாஷை தெரியாமல் விழித்தன. ஆல்பர்ட் ஒவ்வொன்றாக மூடினார். யூடியூபில் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ராஜாங்கம் வழக்கம்போல அவர் தோளுக்கு மேலே எட்டி, “பாப்பா இல்லியா?” என்றார்.

அவர் பாப்பா என்று கூப்பிடும் பவுலின், பீன்ஸ் நறுக்குவதை விட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். “எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். ஆனா பழைய ஃபான்ட்டையெல்லாம் டிராயர்ல இருக்கிற அந்த பென்டிரைவ்லேர்ந்து எடுத்து, இதுல ஃபான்ட் ஃபோல்டர்னு ஒண்ணு இருக்குது, அதுல போட்டா சரியாயிடும்னு நீங்கதானே அன்னிக்கி சொல்லிட்டு இருந்தீங்க?”

ஆல்பர்ட் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவள் சொன்னதும், சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றியது. ஃபான்ட்டைப் போட்டு முடித்து, தாய்மாமன் திரும்பி வந்தபோது, கண்டிப்பாகச் சொன்னோம் என்றே ஆகிவிட்டது. “நான் சொன்னது சரியாத்தான் இருக்குது” என்று ராஜாங்கத்திடம் விளக்கினார். பிரிண்டரைப் புது சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியாமல் போனபோதும், ஸ்கேனர் வெள்ளைத் தாளாகவே கொடுத்தபோதும், இப்படித்தான் அவர் முன்பு சொல்லி மறந்த ஏதோ ஒன்றைப் பவுலின் ஞாபகப்படுத்தினாள்.

புது சிஸ்டத்தைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. பெட்டி முன்னைவிட வேகமாகத் திறக்கிறது, வைரஸ் தொல்லை இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. திரையில் இருந்த பச்சை மலையை எதற்காக எடுத்தீர்கள் என்று சண்டைக்கு வந்த ஒரு டீச்சரும் உண்டு. இருதயநாதன் தன் சீட்டாட்டத்தைத் திருப்பித் தரும்வரை பேசுவதில்லை என்றிருந்தார், அந்த விரதம் ஒரு டீயோடு கலைந்தது.

ஆல்பர்ட்டின் அபிப்பிராயம்தான் நாளுக்கு நாள் மாறியது. முதல் வாரம் மோட்சமாக இருந்தது. பவுலின் எல்லாவற்றையும் கேட்டாள். ஆதார் பிரிண்ட் எப்படிங்க, போட்டோ சின்னதாக்குவது எப்படிங்க. அவர் காட்டினார். மறுநாள் அதையே மறுபடி கேட்டாள். மறுபடி காட்டினார். பிறகு, எனக்கு வர மாட்டேன் என்கிறது, நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துக் கொடுத்தார். அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுத்தார். வாசலில் வருகிறவர்களிடம் பவுலினே, அண்ணனைக் கேளுங்கள், எனக்கு இந்தப் புதுசு புரியாது என்று சொல்லத் தொடங்கினாள்.

சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு, தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் என்று கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கிளம்புகிறவர் ஆல்பர்ட். இருதயநாதனோடு ஈ.சி.ஆர். டீக்கடையில் உட்கார்ந்து, போண்டா தின்று, சென்னை பஸ்ஸையும் பாண்டிச்சேரி பஸ்ஸையும் வேடிக்கை பார்ப்பார். இப்போது அங்கே இருதயநாதன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆல்பர்ட் இங்கே கடைக்குள் மாட்டிக்கொண்டு, யாருடைய பிறப்புச் சான்றிதழையோ நேராக வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். இடுப்பு வலித்தது. கண் எரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, அதை இறக்கி வைக்கத்தான் இடமில்லை. பழைய சிஸ்டம் நன்றாகத்தானே இருந்தது, பழைய பவுலினும் நன்றாகத்தானே இருந்தாள் என்று அவருக்கு ஏக்கமாக வந்தது. ஆனாலும், பொய் சொல்லக்கூடாது, அவள் “எப்படிங்க” என்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மழை பெய்த ஒரு சாயங்காலம், உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் செந்தமிழ் லேப்டாப்போடு வந்தாள். அவளும் லினக்ஸுக்கு மாறியிருந்தாள். சங்க உறுப்பினர்களின் படங்களை எல்லாம் மொத்தமாக ஒரே தடவையில் சின்னதாக்க வேண்டும். ஆல்பர்ட்டுக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரியும். இங்கே தட்டினார், அங்கே தட்டினார். படங்கள் தலைகீழாயின. சின்னதாகவில்லை.

“பரவால்ல அண்ணே, விடுங்க” என்றாள் செந்தமிழ். “இன்னிக்கி கிளாஸ்ல அக்காகிட்டயே கேட்டுக்கிறேன்.”

“எந்த கிளாஸ்?”

செந்தமிழ் வெள்ளந்தியாகச் சொன்னாள். கோயில் ஹாலில் தினம் சாயங்காலம் நடக்கிறதே அதுதான். பழைய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு தவிக்கிற பெண்களுக்கெல்லாம் பவுலின் அக்காதான் லினக்ஸ் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். ஃபாதர் ஆபீஸ் கம்ப்யூட்டரை மாதா கொடியேற்றத்துக்கு முன்பே மாற்றிக் கொடுத்தவரும் அக்காதான். தமிழ் ஃபான்ட், பிரிண்டர், எல்லாம் அக்கா அத்துப்படி.

மாதா கொடியேற்றம் ஆகஸ்ட் மாதம். ஆல்பர்ட் இட்லிக்கு நடுவே முடிவெடுத்தது அக்டோபரில்.

“ஆனா வீட்ல மட்டும் நான் கைய வைக்கிறதில்ல, அங்க அவர்தான் வாத்தியார்னு அக்கா சொல்லும்” என்று சொல்லிவிட்டு, செந்தமிழ் லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். கிளாஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆல்பர்ட் தலைகீழான படங்கள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் கோபம் வந்தது. அது அவ்வளவு நேரம் நிற்கவில்லை. பிறகு வெட்கம் வந்தது. அது போகவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்து “ஓ” என்று கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. சிஸ்டம் என்றால் என்ன என்று அவளுக்கு அவர் பாடம் எடுத்திருக்கிறார். அவளும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறாள். இன்று கேட்டுவிடுவது, மூடிமறைக்கிற வேலையெல்லாம் இன்றோடு முடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பவுலின் வந்தாள். குடையை மடக்கி மூலையில் வைத்தாள். கிறிஸ்துமஸ் பாட்டுத்தாளை ஒரு பக்கத்துக்கு இரண்டாக பிரிண்ட் எடுக்க வேண்டும், அது எப்படிங்க என்றாள்.

“இன்னிக்கி நீயே எடு பவுலின்” என்றார் ஆல்பர்ட். குரலை அழுத்தமாக வைத்துக்கொண்டார். “செந்தமிழ் வந்துட்டுப் போச்சு.”

பவுலின் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

“எடுக்கறேங்க. ஒரு நிமிஷ வேல. நான் எடுத்துட்டா அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் ஆல்பர்ட் சமாளித்திருப்பார். வாசலில் ஒரு ஆள் மழைக்கு ஒதுங்கி, கடைக்குள் பார்த்து, “அண்ணே இருக்காரா?” என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். டீக்கடையில் சாயங்காலம் முழுவதும் பஸ் எண்ணலாம். பஸ் எண்ணுகிறவரிடம் யாரும் எதையும் எப்படி என்று கேட்பதில்லை. அது ஆல்பர்ட்டுக்கு அனுபவத்தில் தெரியும்.

நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“நல்லா பாத்துக்க. மொதல்ல மேல இடது பக்கம் மூணு கோடு இருக்குதுல்ல, அத அமுக்கணும்.”

“வலது பக்கங்க” என்றாள் பவுலின், பயபக்தியோடு.