ஆரத்தி கரைத்த கைகள்

கொரோனா வந்ததும் ஊரில் எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது. ஒரே ஒரு தொழில் மட்டும் எழுந்து உட்கார்ந்தது. அகரம் கிராமத்துக்கு வெளியே தென்னந்தோப்பில் மஞ்சளில் தோய்த்த வேட்டி, மஞ்சள் துண்டு, மஞ்சள் முகக்கவசத்தோடு ஒரு சித்தர் தோன்றினார். போன மாசி வரை அவர் வெறும் பொன்னழகு. கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் ஆரத்தித் தட்டும் வாடகைக்கு விட்டவர். கல்யாணங்கள் நின்றுபோயின, அருள் வந்துவிட்டது. வேறு என்ன வரும்?

கர்ப்பிணிகளுக்கு மட்டுமே குறி. வயிற்றுப் பிள்ளையைக் கிருமி அண்டியிருக்கிறதா என்று மஞ்சளில் நனைத்த துணி காட்டிவிடுமாம். கையைக் கழுவி, ஈரத்தோடு துணியில் வைக்க வேண்டும். துணி மஞ்சளாகவே இருந்தால் பிள்ளை பத்திரம். சிவந்தால் ஆபத்து. சிவந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. சித்தரின் தங்கை காணிக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து பிரசவம் பார்ப்பார். அந்தத் தங்கை அதுவரை பார்த்தது ஒரு பசுமாட்டின் பிரசவம். கன்று பிழைத்தது மாட்டின் சாமர்த்தியம்.

கூட்டம் ரோடு வரை நின்றது. இடைவெளிக்காக வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்குள் ஒரு குடும்பமே நின்றது. சாமியே கைகழுவச் சொல்கிறாரே, எவ்வளவு விஞ்ஞானம் என்று ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினீயர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு வியந்தார்.

நிறைமாதக் கௌசல்யாவும் அங்கே நின்றாள். கால் வீக்கம், பிபி ஏறியிருந்தது. வீட்டில் பிரசவம் பார்த்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, வலி வரும்வரை காத்திருக்காமல் வந்து சேர்ந்துவிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாமியார் ராமுத்தாய் அசையவில்லை. துணி சொன்னால்தான் ஆஸ்பத்திரி என்று இங்கே இழுத்து வந்துவிட்டாள். கணவன் பழனிக்குமார் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நிற்கிறவனுக்கு முகக்கவசம் பெரிய வசதி.

கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் சித்தரின் மச்சான் கருப்புசாமி. அவனிடம் இரண்டு செம்புகள். ஊற்றுமுன், பிரசவம் எங்கே என்று அன்பாக விசாரிப்பான். வீட்டில் என்றால் வலது செம்பு. ஆஸ்பத்திரி என்றால் இடது செம்பு. இடது செம்பின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்ததைக் கௌசல்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்பு டப்பாவின் மூடி ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அதே வெள்ளை.

அவள் முறை வந்தது. ஆஸ்பத்திரி என்றாள். இடது செம்பு. துணி ரத்தமாய்ச் சிவந்தது. ராமுத்தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தர் கண்ணை மூடினார். "கிருமி அண்டிருச்சு தாயி. ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

"வீட்டுல பெத்தா பொறுப்பா சாமி?"

சித்தருக்கு அது கேட்கவில்லை. முகக்கவசம் காதையும் மூடியிருக்கலாம்.

கௌசல்யா இடது செம்பைத் தூக்கிக்கொண்டாள். கருப்புசாமி பதறினான், ஆனால் நிறைமாதக்காரியின் கையைப் பிடித்து இழுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? "நாங்க மட்டும் கழுவுனா ஆச்சா? நீங்களும் கைய நீட்டுங்க சாமி," என்று சாய்த்தாள். சித்தர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தண்ணீர் மடியில் கொட்டியது.

மஞ்சள் வேட்டி, சரியாக வயிற்றுக்குக் கீழே, செக்கச்செவேல் என்று சிவந்தது.

அடுத்த வட்டத்திலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த சபிஹா நிதானமாகக் கேட்டாள்:

"சாமிக்கு இது எத்தனாவது மாசம்?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அங்கே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்படியான வயிறுகள்தான்.

கௌசல்யா மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்னாகும்?"

"இது தெரியாதா, செவக்கும். ஆரத்திக்கு அப்படித்தான..." ராமுத்தாய் பாதியில் நிறுத்தினாள். தெருவில் எந்த விசேஷம் என்றாலும் ஆரத்தி கரைக்கிறவள் அவள்தான். அங்கே நின்ற பெண்கள் எல்லோருமே கரைத்தவர்கள்தான். அத்தனை பேரும் தங்கள் உள்ளங்கையையே பார்த்தார்கள். நிமிர்ந்தபோது சித்தரும் இல்லை, மச்சானும் இல்லை. தங்கை மாட்டுக்கே திரும்பிவிட்டார் என்று கேள்வி.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் பெண் குழந்தை. கௌசல்யா முகக்கவசம் போட்டுக்கொண்டே பால் கொடுத்தாள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்ற ராமுத்தாய், வருகிற கர்ப்பிணிகளிடமெல்லாம் எங்கேயும் கை வைக்காமல் நேராக உள்ளே போகச் சொன்னாள்.

தாயும் மகளும் வீடு திரும்பியபோது வாசலில் ஆரத்தி தயாராக இருந்தது.

"செவந்திருச்சே அத்தை. திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிறவா?"

"வாய மூடிக்கிட்டு வா. உள்ள போனதும் சோப்புப் போட்டுக் கையக் கழுவு."

முகக்கவசத்தை மூக்குக்கும் வாய்க்கும்தான் போடச் சொன்னார்கள். மூளைக்கு யாரும் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லாமலே போட்டுக்கொண்டோம். கொரோனா போய்விட்டது. இதையாவது கழற்றலாமே.