கட்டைவிரல் விசாரணை

பவளத்தின் இடது கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் சேஃப்டி ஆபீசர் பிரதாப் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லைங்க சார். வெங்காயம் அரியறப்ப கத்தி பட்டுடுச்சு. வூட்டுல."

கடைசி வார்த்தையை அவள் அழுத்தித்தான் சொன்னாள். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியின் வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள் 999' என்று எழுதியிருந்தது. மறுநாள் ஆயிரம். ஆயிரம் ஆனால் லைனில் இருக்கும் நாற்பது பெண்களுக்கும் ஆளுக்கொரு கிரைண்டர். ஆனால் கேட்டுக்குள், வேலை நேரத்தில், யாருக்காவது ஒரு சிராய்ப்பு என்றாலும் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். அது பிரதாப் கொண்டுவந்த சட்டம்.

"எல்லாரும் வீட்டுலன்னுதான் சொல்வாங்க. ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வாங்க."

நர்ஸ் சுஹைனா பிளாஸ்திரியைப் பிரித்தாள். "வெட்டு இல்லைங்க சார். கொப்புளம்."

"தோசைக்கல்லுல சுட்டுக்கிட்டேன்" என்றாள் பவளம்.

"சுட்டது இப்படி இருக்காதுக்கா. ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தேய்ச்சு வந்தது இது."

பிரதாப்புக்கு அது போதுமாக இருந்தது. பவளம் நாள் முழுக்க இடது கட்டைவிரலால் அழுத்துவது அவளுடைய சோதனை மேசையில் இருக்கும் பச்சைப் பட்டனைத்தான். பத்து நிமிடத்தில் அந்த மேசையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். லைன் நின்றது. சூப்பர்வைசர் முனிவேல் ஓடிவந்தார்.

"ஏம்மா பவளம், போன மாசம் அந்தப் பட்டனை மாத்தினதே நான்தான். என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே."

மற்ற பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வைகளுக்குள் நாற்பது கிரைண்டர்கள் ஓடுவது பவளத்துக்குக் கேட்டது.

பிரதாப் இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போய், ஒரு படிவத்தை எடுத்து உட்கார்ந்தார். எது நடந்தாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் அடிப்படைக் காரணம் வெளியே வந்துவிடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை.

"கொப்புளம் ஏன் வந்தது?"

இனி பொய் சொல்லிப் பயனில்லை என்று பவளத்துக்குத் தோன்றியது. "அழுத்தினதால."

"ஏன் அழுத்தினீங்க?"

"அடிக்கறதுக்கு."

பேனா நின்றது. "ஏன் அடிச்சீங்க?"

"அவன் மேல வந்தான் சார்."

"ஏன் வந்தான்?"

"அவனுக்கு வேற வேலையே கிடையாது."

பிரதாப் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏன்க்கா விலகிப் போகலை?"

"நான் ஏன் சார் போகணும்?"

பிரதாப் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க வீட்டுக்காரர் கை நீட்டுறாரா? பயப்படாம சொல்லுங்க. கம்பெனியில கமிட்டி இருக்கு."

"யாரு, ராஜப்பனா?" என்றார் முனிவேல். "கொசு கடிச்சா, அது போகட்டும்னு காத்திருக்கற ஆளு சார் அவன்."

பிரதாப் கமிட்டிக்குப் போன் செய்ய ரிசீவரை எடுத்துவிட்டார். கணவன் பெயர் இழுபடுவதைப் பவளத்தால் பொறுக்க முடியவில்லை.

"போனை வைங்க சார். வீடியோ கேம். சண்டை கேம். தினமும் ஆறு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் விளையாடுவேன்."

முனிவேல் சிரித்துவிட்டார். "உனக்கு வயசென்னம்மா?"

"நாப்பத்தெட்டு. கிரிக்கெட்ல தோத்தா நீங்க ரிமோட்டைச் சுவத்துல அடிக்கறீங்களே, உங்களுக்கு எத்தனை?"

மகனுக்கு என்று சொல்லித்தான் இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கேம் பெட்டியை வாங்கினாள். அவன் தொடவே இல்லை. எட்டு மணி நேரம் இரும்பில் கீறல் தேடிய கண்ணோடு வீடு திரும்புவாள். டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தால், சங்கிலி சுழற்றும் ஒரு குள்ளப் பெண்ணாக மாறிவிடுவாள். அடிப்பதைவிட அவளுக்குப் பிடித்தது அதற்கு முந்தைய அரை விநாடி. எதிராளி கால் தூக்கப்போகிறான் என்று தெரிந்தும் அசையாமல் காத்திருக்கிற அந்த அரை விநாடியில் அவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. அதை யாரிடமும் சொல்லாததற்கு வெட்கம் காரணமல்ல. தனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்பதால்.

"நாலு மணிக்கு பிளான்ட் ஹெட் கையெழுத்துப் போடணும்" என்றார் பிரதாப். "கேம்னு எழுதினா என்னைப் பாத்துச் சிரிப்பாரு. நிரூபிங்க."

மதியம் ராஜப்பன் கேம் பெட்டியை மொபெட்டில் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டில் 'கறுப்புப் பெட்டி ஒன்று, கைப்பிடி இரண்டு' என்று பதிந்துகொண்டார்கள். பாதுகாப்புப் படங்கள் காட்டும் பயிற்சி அறையின் பெரிய டிவியில் அதை மாட்டினாள் பவளம்.

"காலேஜ்ல நானும் விளையாடினவன்தான்கா" என்று பிரதாப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஒரு ரவுண்டு போதும். விரல் எங்க தேயுதுன்னு பாத்துடலாம்."

பதினெட்டு விநாடியில் முடிந்தது.

"சரியாப் பாக்கலை. இன்னொரு தடவை."

குள்ளப் பெண் அவரை மூலையில் வைத்து வெளுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். "அக்கா, கால்ல போடு" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். கிரைண்டரை மறந்த முதல் குரல் அது.

"இன்னும் ஒண்ணு. டேட்டா பத்தலை" என்றார் பிரதாப்.

அவர் சாப்பிடப் போகவில்லை. முனிவேல் நினைவூட்டியபோது கையால் விலக்கினார். பட்டன்களை ஆணி அடிப்பதுபோல் குத்தினார். இடது கட்டைவிரலால் திசைப் பட்டனைத் திருகு கழற்றுவதுபோல் திருகினார். இருபத்துமூன்றாவது ரவுண்டிலும் கீழே கிடந்து எழுந்தபோது மணி மூன்றரை.

"ஒத்துக்கறேன்" என்றார், வியர்வையைத் துடைத்தபடி. "இது வீட்டுல நடந்ததுதான். பட்டன் மேல தப்பில்லை. கத்தி பட்டதுன்னே எழுதிக்கறேன்க்கா, உங்களுக்கும் சங்கடம் வேணாம்."

"எனக்கு என்ன சங்கடம்? சண்டைன்னு எழுதுங்க. ஜெயிச்சேன்னும் எழுதுங்க."

பிரதாப் அப்படியே எழுதினார். வெளியே கைதட்டல் எழுந்தது. முனிவேல் சிவப்பு நாடாவை அவிழ்க்க ஓடினார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப்போன பிரதாப் மட்டும் "ஸ்ஸ்" என்று இடது கையை உதறினார்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த சுஹைனா அவர் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு விபத்துப் பதிவேட்டைத் திறந்தாள்.

"அக்காவோடது வூட்டுல வந்தது, விட்டுடலாங்க சார். கேட்டுக்குள்ள, ட்யூட்டி நேரத்துல உங்களுக்கு வந்திருக்கே இந்தக் கொப்புளம், இதுக்குக் காரணம் என்னன்னு எழுதட்டும்?"