பஸ்ஸுக்குக் காதுகுத்து

இந்தக் கரிசக்காட்டில் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்தவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் எங்கள் ‘அரை டிக்கெட்’தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும்.

வயசானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் அவர் பஸ்ஸில் பாதிக் கட்டணம். தனியார் பஸ்ஸில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இவரே போட்டுக்கொண்ட சட்டம். அட்டை கிட்டையெல்லாம் கேட்க மாட்டார். படி ஏறும்போது முழங்கால் நடுங்கி, வாயில் ‘முருகா’ என்று வந்தால் அரை டிக்கெட். விஷயம் பரவி, காலேஜ் பையன்களும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார்கள்.

“ஏலே, கூப்பிட்டா முருகன் வருவாரு, அரை டிக்கெட்டு வராது. முழுசா எடு!”

எனக்குப் பாளையம்பட்டியில் மாவு மில். மூணாங்கிளாஸ் வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்த அறிவாளி நான். ஒருநாள் மில்லிலிருந்து நேராக பஸ் ஏறினேன். “பெரியவருக்கு எடம் விடுங்கப்பா” என்றார். எந்தப் பெரியவர் என்று திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை! அரை டிக்கெட்டும் கைக்கு வந்தது. ரோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு லாபம்தான் தெரிந்தது. ஜன்னல் சீட்டில் காற்று அடிக்க அடிக்க என் தலை கறுத்தது, பின்சீட்டுக்காரர் முகம் வெளுத்தது.

“என்ன அண்ணாச்சி, போகப் போக வயசு கொறையுது? மிச்சத்த எடுங்க!”

சரி, பாதியைப் பயணி கொடுத்தால் மீதிப் பாதியை யார் கொடுப்பது? “நீ தருமம் பண்ணு, எனக்கு டீசல் தருமத்துக்குக் கெடைக்காது” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தன் பேட்டாவிலிருந்தே போட்டு ஈடுகட்டினார் அரை டிக்கெட். டீயை விட்டார், வடையை விட்டார், மத்தியானச் சாப்பாட்டையும் விட்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

இது மாரியப்பனுக்குத் தெரிந்துபோனது. சின்ன வயசிலேயே போலியோவில் ஒரு கால் சூம்பிப்போன மனுஷர். திருச்சுழியில் தையல் மிஷின் ரிப்பேர் கடை. பாதிக் கட்டணம் இருந்தால்தான் தினமும் போய்வரக் கட்டுப்படியாகும்.

“நீ பட்டினி கெடந்து நான் பஸ்ஸுல போகணுமா தம்பி? நாளையிலருந்து வரல.”

சொன்னபடியே வரவில்லை. கடை பூட்டியே கிடந்தது.

பிறகு ஒருநாள் பஸ்ஸுக்குள் அரை டிக்கெட் பத்திரிகை கொடுத்தார். அவர் பஸ்ஸுக்குக் காதுகுத்தாம்!

“பஸ்ஸுக்கு ஏதுய்யா காது?”

“ரெண்டு பக்கமும் கண்ணாடி நீட்டிக்கிட்டு நிக்கிதே, அது என்ன மூக்கா?”

அந்த வழியில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் செய்தவர் அவர். கல்யாணமாகாத ஆள், திருப்பி வாங்க வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் எங்கள் பக்கம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஒருத்தர் விடாமல் வந்தோம். “வர்ற மொய்யெல்லாம் மீதிப் பாதி டிக்கெட்டுக்கு” என்று மைக்கில் அறிவித்தார்.

முதலாளி குதித்தார். “ஏலே, என் வண்டிய வச்சு நீ மொய் வாங்குறியா?”

“மொய் நான் செஞ்சது மொதலாளி. நீங்க புள்ளைக்கு அப்பா. பந்திச் செலவுதான் ஒங்களுது.”

மைக் அணையாமல் இருந்ததால் அவரால் தப்ப முடியவில்லை.

மாரியப்பன் வந்தாரா? முந்தின வாரமே தாம்பூலத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தார் அரை டிக்கெட். “காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும்ணே. நீங்கதான் மாமன்.”

“நான் எப்படிப்பா மாமன்?”

“நடுரோட்டுல கதவு கழண்டு விழுந்தப்ப, கூலி வாங்காமப் பூட்டிவிட்டது யாரு? மாமன் வேற என்னத்தச் செய்வான்?”

பஸ்ஸை யாரால் மடியில் வைக்க முடியும்? கண்ணாடியைக் கழற்றி மாரியப்பன் மடியில் வைத்தார்கள். புது வேட்டியில் உட்கார்ந்து, தன் முகம் தெரிந்த அந்தக் கண்ணாடிக்கு ஜிமிக்கி மாட்டிவிட்டார். பிறகு ஸ்பேனரை வாங்கித் தானே பழையபடி முடுக்கினார்.

மறுநாள் காலையில் மாரியப்பன் பஸ் ஏறினார். “மருமகன் வண்டியில மாமனுக்கு அரை டிக்கெட்டே அதிகம்தான். பரவால்ல, கிழி” என்றார். அரை டிக்கெட் வெளியே திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் விசிலை நீளமாக ஊதினார்.

அவர் லீவு போடுகிற நாளிலும் அதே பஸ்தான், அதே ரோடுதான். எனக்குத்தான் திருச்சுழி ரொம்ப தூரமாகிவிடுகிறது.